அந்த கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அக்காவுக்கும், தலைமையாசிரியர் சாருக்கும், குழுவில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். வருமானச் சான்று, பட்டா நகல், பஸ் பாஸுக்குப் போட்டோ என்று ஏதாவது ஒன்றுக்காக உங்களில் பாதிப் பேராவது என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள், அதனால் பெரிய அறிமுகம் தேவையில்லை. இதே பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவன், வாலிபால் டீமில் மூன்று வருடம் ஆடியவன் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சாயங்காலம் பள்ளி மைதானத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள் என்று இரண்டு முறை வந்து சொன்னேன். இரண்டு முறையும் டீ கொடுத்து, "பார்க்கலாம்ப்பா" என்று அனுப்பிவைத்தீர்கள். டீ நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதினால்தான் காரியம் நகரும் என்று தோன்றியதால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு ஊர், அவ்வளவு போதும்.

விஷயம் சின்னதுதான். மாலை 4.20க்கு நீண்ட மணி அடிக்கிறது. 4.45க்கு கேட்டுப் பொறுப்பில் இருக்கிற அண்ணன் பெரிய கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறுகிறார். மறுநாள் காலை எட்டேகாலுக்குத்தான் அந்தப் பூட்டு திறக்கும். வேப்பமர நிழலோடு இரண்டரை ஏக்கர் மைதானம், அந்த நேரத்தில் உள்ளே இருப்பது இரண்டே இரண்டு வெள்ளாடுகள். ஆடு எப்படியோ உள்ளே போய்விடுகிறது. படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் வழியில்லை.

சாயங்காலத்தில் நான் என்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன். எனக்கு வேறு வேலை, மெஷின் சூடாகிற நேரம் போக, இதைப் பார்ப்பதுதான். பக்கத்து மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு 5.20 டவுன் பஸ்தான். அதை விட்டால் ஏழேகாலுக்கு. ஆக, மணி அடித்ததிலிருந்து பஸ் வருகிற வரைக்கும் ஒரு மணி நேரம் அவர்கள் என் கடைப் படியிலும், பால் சொசைட்டித் திண்ணையிலும், வேலிக் கல் மேலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு போனைச் சுற்றி ஐந்து தலை. ஒருவன் ஃப்ரீ ஃபயர் ஆடுவான், மற்ற நாலு பேரும் "இந்தப் பக்கம் வர்றான்டா, சுடுடா" என்று கத்துவார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு ஓடணும், துரத்தணும், கத்தணும் என்ற ஆசை எதுவும் குறைந்துவிடவில்லை. அதை ஆறு அங்குலத் திரைக்குள் செய்கிறார்கள், அவ்வளவுதான். நான் கூட ஆரம்பத்தில் "கடை வாசல்ல என்னடா கூட்டம்" என்று விரட்டிக்கொண்டிருந்தேன். விரட்டினால் எங்கே போவார்கள் என்று யோசித்த அன்றைக்குத்தான் எதிரே இருந்த பூட்டு கண்ணில் பட்டது. அதுவரைக்கும் அது எனக்குச் சுவரில் ஒரு பகுதி மாதிரிதான்.

ஐந்திலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 4.20க்கும் 5.20 பஸ்ஸுக்கும் நடுவில் இருப்பதும் சரியாக அதே அறுபது நிமிடம்தான். யாரோ கணக்குப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு பூட்டு.

"கிராமத்துப் பிள்ளைகளுக்கு எதுக்குங்க தனியா விளையாட்டு, அதுக ஓடியாடித்தானே திரியுதுக" என்று போன முறை குழுவில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொன்னது நம்மைப் பற்றி. நாம் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தோம், கண்மாயில் குதித்தோம், அறுப்பு முடிந்த வயலில் பந்து ஆடினோம், கதிரடிக்கிற களத்தில் சடுகுடு ஆடி முழங்கையைத் தேய்த்துக்கொண்டோம். இப்போது களம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள். அறுவடை மெஷின் வந்த பிறகு வயலிலேயே நெல் தனியாக வந்துவிடுகிறது, களத்தில் சிமென்ட் போட்டு அதில் கல்யாணத்துக்கு வருகிற கார்கள் நிற்கின்றன. கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, முள் குத்தாமல் இருபது அடி ஓட முடியாது. கோயில் பொட்டலில் பேவர் பிளாக் பதித்து, சுற்றிலும் கம்பி வேலி. ஊருக்கு எல்லாம் நல்லதுக்குத்தான் வந்தது, மெஷினையோ பேவர் பிளாக்கையோ நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுடைய இடம் ஒவ்வொன்றாகப் போனதை மட்டும் யாரும் கணக்கில் வைக்கவில்லை.

2019இல் உலக சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள் 146 நாடுகளில் 16 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு அந்த ஒரு மணி நேர அசைவு இல்லை என்று வந்தது. இந்தியாவில் அது சுமார் 74. நாம் பரவாயில்லையே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அப்புறம் அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தேன். பையன்கள் கிரிக்கெட் மாதிரி ஏதோ ஒன்றை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நம் பெண் பிள்ளைகளின் கணக்கு அந்த அளவுக்காவது நிற்பதற்கு வீட்டு வேலை ஒரு காரணமாக இருக்கலாமாம். அதாவது தண்ணீர்க் குடம் தூக்குவதும், வாசல் கூட்டுவதும், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைவதும் சேர்ந்துதான் அந்த எண். அதைப் படித்த பிறகு 74ஐப் பார்த்து எனக்குப் பெருமைப்பட முடியவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் உங்களைக் குறை சொல்லும் முன் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஏழாவது வரை தெருப் பையன்களோடு கிட்டிப்புள் ஆடினாள், பையன்களை விட நன்றாகவே ஆடினாள். வயதுக்கு வந்தாள், சடங்கு வைத்தோம், மொய் வாங்கினோம். அதற்கடுத்த வாரம் அவள் மட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது என் அம்மா, "இனிமே எதுக்குடா புள்ளைக்குத் தெருவுல வேல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் ஒரு நாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தாம்புக் கயிற்றை வைத்து ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருக்கிறாள். மாடு கட்டுகிற கயிறு, கனம். காலடிச் சத்தம் கேட்டதும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, சாணிக் கூடையை எடுக்க வந்த மாதிரி குனிந்தாள். நான் பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட்டேன். இந்தக் கடிதம் அன்றைக்கு ராத்திரி மனதில் எழுத ஆரம்பித்தது.

அதனால் கேட்டைத் திறப்பது என்றால் பையன்களுக்குத் திறப்பது என்று மட்டும் தயவுசெய்து ஆக்கிவிடாதீர்கள். சும்மா திறந்து விட்டால் அப்படித்தான் ஆகும். பெரிய பையன்கள் நடுவில் கிரிக்கெட் பிட்ச் போடுவார்கள், ஆறாவது ஏழாவது பொடியன்கள் பந்து பொறுக்குவார்கள், பெண் பிள்ளைகள் சுவரோரம் கூட வரமாட்டார்கள். மைதானத்தில் கிழக்குப் பாதி அவர்களுக்கு என்று கோடு கிழிக்க வேண்டும். அந்தப் பக்கம்தான் ரோட்டிலிருந்து தெரியாது. கழிப்பறைச் சாவியும் கேட்டுச் சாவியோடு சேர்ந்து வர வேண்டும், இப்போது அது 4.30க்கே பூட்டப்படுகிறது. குழுவில் ஆண்கள் யாரும் இதைப் பேசமாட்டார்கள், அதனால் நானே எழுதுகிறேன்: மாதத்தில் நாலைந்து நாள் கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத இடத்துக்கு எந்தப் பிள்ளையும் விளையாட வராது, வரச் சொல்லவும் கூடாது. அப்புறம் உடை. சுடிதாரும் மேலே கோட்டுமாகக் கோ-கோ ஆடச் சொன்னால் எப்படி ஓடுவார்கள்? மாலையில் மட்டும் டிராக் பேன்ட், டீ சர்ட் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். வீட்டில் கேட்டால் "ஸ்கூல்ல சொல்லிட்டாங்க" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். ஊரில் பாதி விஷயம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நடக்கிறது.

சரி, தலைமையாசிரியர் சார், உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். மூன்று வருடத்துக்கு முன்பு, நீங்கள் இங்கே வருவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் ஏறிக் குதித்த எட்டாவது பையன் மணிக்கட்டை முறித்துக்கொண்டான். மறுநாள் அவன் மாமன் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஆபீஸ் முன்னால் நின்றதையும், சம்பந்தமே இல்லாத ஒரு ஆசிரியர் கைகட்டிப் பதில் சொன்னதையும் என் கடையிலிருந்தே பார்த்தேன். அடுத்த வாரம் சுவர் மேல் கண்ணாடித் துண்டு பதித்தார்கள். பையன் ஏன் சுவர் ஏறினான் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டு பூட்டியிருந்தது, அதனால் ஏறினான்.

விளையாடினால் அடிபடும், அது உண்மை. முட்டி தேயும், விரல் பிசகும், என்றைக்காவது ஒரு எலும்பும் முறியும். அப்போது மொத்தப் பாரமும் உங்கள் ஒருவர் தலையில் விழக்கூடாது என்பதற்குத்தான் குழு இருக்கிறது. பெற்றோர்தான் தலைமை, ஆசிரியர் இருக்கிறார், 2024இல் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. குழு கூடித் தீர்மானம் போட்டு, வருகிற பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் ஒரு சம்மதக் கையெழுத்து வாங்கி (ஜெராக்ஸ் என் செலவு), தினமும் இரண்டு பெரியவர்கள் பெயர் போட்டு நோட்டில் கையெழுத்து வைத்தால், நாளைக்கு மாமன் வந்து நின்றாலும் ஊரே சேர்ந்துதான் பதில் சொல்லும். ராத்திரி உள்ளே குடிக்கிறார்கள், பாட்டில் உடைக்கிறார்கள், அதனால்தான் பூட்டு என்றும் சொன்னீர்கள். குடிக்கிறவனுக்குச் சுவரும் பூட்டும் ஒரு பொருட்டா சார்? திங்கட்கிழமை காலையில் பிரேயருக்கு முன்னால் ஆறாவதுப் பிள்ளைகள் பாட்டில் துண்டு பொறுக்குவதை நாம் எல்லோரும்தான் பார்க்கிறோம். பூட்டு தடுப்பது பிள்ளைகளை மட்டும்தான்.

பி.டி. சாரை நிற்கச் சொல்லுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை நானூறு பிள்ளைகளுக்கு அவர் ஒருவர். பிரேயர், ஊர்வலம், டோர்னமென்ட் என்ட்ரி, யூனிஃபார்ம் செக்கிங், இது போக யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பு அவருக்கு. 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரை நாள் என்று எடுத்த பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்கள் இன்றைக்கும் பணி நிரந்தரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அது தனிக் கதை. அரையாண்டுத் தேர்வு முடிந்தால் பத்தாவது, பன்னிரண்டாவது வகுப்புகளுக்கு டைம்டேபிளில் பி.டி. பீரியட் என்று எழுதியிருக்கும், உள்ளே கணக்கு நடக்கும். அமைச்சர்களே மேடையில் நின்று அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டார்கள். நான் சொல்லியா நடக்கப்போகிறது. அதனால்தான் 4.20க்குப் பிறகு உள்ள நேரத்தைக் கேட்கிறேன். அது யாருடைய பீரியடும் இல்லை.

ஆள் கிடைக்குமா என்பீர்கள். இல்லம் தேடிக் கல்வியை மறந்துவிட்டீர்களா? 2021 கடைசியில் ஆரம்பித்தது. கொரோனாவில் எழுத்து மறந்துபோன பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நம் தெருத் திண்ணைகளில் நம்ம ஊர்ப் பெண்கள்தான் பாடம் எடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய். அந்தக் காசுக்காகவா செய்தார்கள்? நம் தெருவில் எடுத்த தங்கச்சி மழை நாளில் பிள்ளைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும். அதே மாதிரி சாயங்காலத்தில் மைதானத்தில் நிற்க ஆள் கேட்டால் வருவார்கள். மகளிர் குழுவில் இரண்டு அக்காக்களிடம் கேட்டுவிட்டேன், வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறேன் என்கிறார்கள், ஆனால் உட்கார நாற்காலி வேண்டுமாம். நியாயம்தான்.

சாமான் இல்லை என்பதும் நிற்காது. 2024 தொடக்கத்தில் கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் என்று தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 33 வகைச் சாமான் கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் ஊருக்கும் வந்தது, வாங்குகிற போட்டோவை என் கடையில்தான் பிரின்ட் போட்டுப் போனார்கள். அந்தப் பை இப்போது ஊராட்சி அலுவலக பீரோவின் மேல் இருக்கிறது. வாலிபால் இன்னும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றவில்லை. தொலைந்துபோனால் கணக்குக் கேட்பார்கள் என்ற பயம். தொலையட்டுமே! பந்து என்றால் தேயணும், கிழியணும், கண்மாயில் விழுந்து காணாமல் போகணும். இத்தனை நாள் கழித்தும் புதுசாக இருக்கிற பந்துக்குத்தான் கணக்குக் கேட்கணும். அதற்கு முன்னால் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது, ஊராட்சிதோறும் கபடி, வாலிபால் ஆடுகளம் என்று. நம் ஊரில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டார்கள். அதில் ஒன்றில் இன்றைக்கு எருமை கட்டுகிறார்கள், நல்ல உறுதியான கம்பம். எந்த ஆட்சி வந்தாலும் சாமான் வருகிறது. சாயங்காலம் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பதற்கு ஆள் வருவதில்லை.

பசியையும் சொல்லியாக வேண்டும். மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலரை மணிக்கு வயிறு காலி. அப்போது ஓடு என்றால் எப்படி ஓடும்? இப்போது அந்தப் பசிக்கு என் பக்கத்துக் கடையில் ஐந்து ரூபாய் குர்குரே பாக்கெட்தான். நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி, முப்பது கிராம் கொண்டைக்கடலை என்று வைத்தாலும் ஒன்றே கால் கிலோவுக்குள். கிலோ நூறு ரூபாய் சொச்சம் என்றால் ஒரு நாளைக்கு நூற்றிமுப்பது, நூற்றிநாற்பது. தாளித்துச் சுண்டலாகக் கொடுக்க சத்துணவு அக்காவைக் கேட்கலாம், அல்லது வெறும் ஊறவைத்த கடலையே போதும். ஒரு காதுகுத்துக்கு நாம் வைக்கிற ஃபிளெக்ஸ் பேனர் செலவில் ஒரு மாதச் சுண்டல் வரும். நான் ஃபிளெக்ஸுக்கும் ஆர்டர் எடுக்கிறவன், என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன், அழிக்கச் சொன்னாலும் அழிக்கமாட்டேன். நம் ஊரில் இடமே இல்லை என்று மேலே சொன்னது முழுக்க உண்மை இல்லை. கண்மாய்க்கரைத் திடல் ஒரு தெருப் பையன்களுக்கு உண்டு, ரைஸ்மில் பின்னால் உள்ள இடம் இன்னொரு தெருவுக்கு. காலனிப் பையன்கள் சுடுகாட்டுப் பாதை வளைவில், ரோட்டிலேயே ஆடுகிறார்கள், லாரி வந்தால் ஸ்டம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். பொங்கலுக்குக் கபடி டோர்னமென்ட் வைத்தால் பனியனில் எந்தத் தலைவர் படம் என்று பார்த்தே எந்தத் தெரு டீம் என்று சொல்லிவிடலாம். பள்ளி மைதானத்தில் மட்டும்தான் பி.டி. சார் ரோல் நம்பர் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம் என்று பிரிக்கிறார். அந்த நாற்பது நிமிடத்தில் ஒருத்தன் பிடிபட்டால் மற்றவன் காலைப் பிடித்து இழுக்கிறான், எந்தத் தெரு என்று பார்ப்பதில்லை. 4.45க்கு கேட்டைப் பூட்டும்போது இதையும் சேர்த்துத்தான் பூட்டுகிறோம். திறந்தால் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு சண்டை வரும், வராது என்று நான் சத்தியம் செய்யவில்லை. வந்தால் விலக்கிவிடத்தான் இரண்டு பெரியவர்கள். அந்த இரண்டு பேரும் ஒரே தெருவாக இருக்கக்கூடாது என்பதையும் தீர்மானத்தில் எழுதுங்கள்.

மெடல் பேச்சு எடுக்காமல் இதை முடித்துவிடத்தான் நினைத்தேன், ஆனால் குழுவில் அந்தப் பேச்சு வரும். சேலம் பக்கம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பள்ளியில் அவரை உயரம் தாண்ட வைத்துப் பார்த்தவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். சின்னப்பம்பட்டி நடராஜனைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், நம் ஊர்ப் பையன்கள் அவர் யார்க்கரை டென்னிஸ் பந்தில் போட்டுப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாம் பெருமைதான். ஆனால் நான் கேட்பது அந்த ஒருவருக்காக இல்லை. மாவட்டப் போட்டிக்குப் போகிற பன்னிரண்டு பேர் எப்படியும் ஆடிவிடுவார்கள், அவர்களுக்குச் சார் இருக்கிறார், ஓடி (ஆன் டியூட்டி) இருக்கிறது, டீ சர்ட் இருக்கிறது. டீம் செலக்‌ஷனில் முதல் ரவுண்டிலேயே "நீ உட்காருப்பா" என்று சொல்லப்பட்ட மற்ற முந்நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் கேட்கிறேன். குண்டாக இருப்பதால் எப்போதும் கோல்கீப்பராக நிறுத்தப்படுகிறவன், கண்ணாடி உடைந்துவிடும் என்று ஓரமாக நிற்கிறவள், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன். எந்த விளையாட்டும் பிடிக்காத பிள்ளை இருந்தால், சிநேகிதியோடு பேசிக்கொண்டே மைதானத்தைப் பத்துச் சுற்று வேகமாக நடக்கட்டும். அதுவும் கணக்கில் சேரும். விசில் ஊதி யாரையும் வரிசையில் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் மறுநாள் வரமாட்டார்கள். பகல் முழுக்க வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள்.

அப்பாமார்களுக்கு இந்தப் பேச்சு ஏறாது. அவர்களுக்கு வேறு கணக்குச் சொல்கிறேன். பைபாஸ் ரோட்டில் விடியற்காலை நாலரை மணிக்கு லாரி வெளிச்சத்தில் ஓடுகிற நம் ஊர் அண்ணன்மார்களைப் பார்த்திருப்பீர்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டு, மூன்று மாதத்தில் உடம்பைத் தேற்றப் பார்த்து, காலில் வலியோடு கிரவுண்டில் உட்கார்ந்தவர்களின் விண்ணப்பத்தை நான்தான் டைப் அடித்தேன், அடுத்த வருடமும் நான்தான் அடிக்கிறேன். பதிமூன்று வயதிலிருந்து சாயங்காலம் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு 7 நிமிடம் ஒரு விஷயமே இல்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள், காது கொடுப்பார்கள்.

எனக்கு உள்ளூர இருக்கிற காரணம் வேறு. மக்களைத் தேடி மருத்துவம் பார்க்கிற அக்கா மாதம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறது. நல்ல திட்டம், அம்மா அந்த அக்காவைக் கும்பிடாத குறை. போன தடவை அது எனக்கும் பிரஷர் பார்த்தது, நாற்பத்திரண்டு வயதில் எனக்கும் ஒரு அட்டை எழுதிக் கொடுத்துவிட்டது. நான் வாலிபால் ஆடிய உடம்புதான், பள்ளியை விட்ட அன்றைக்கு ஆட்டத்தையும் விட்டவன். இப்போது என் கடைப் படியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் பதினான்கு வயதிலேயே விட்டுவிட்டார்கள்.

நான் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருகிற அரையாண்டுத் தேர்வு வரைக்கும் மட்டும், சோதனையாக, பள்ளி நாட்களில் நாலரையிலிருந்து ஆறு வரை. ஐப்பசி, கார்த்திகையில் சீக்கிரம் இருட்டிவிடும், அப்போது ஐந்தேமுக்காலுக்கே முடித்துக்கொள்ளலாம், அப்படியென்றால் லைட் செலவும் இல்லை. பஸ் பிள்ளைகளை 5.10க்கு ஒரு விசில் அடித்து அனுப்பிவிடுவோம். போன் எல்லாம் கேட்டிலேயே ஒரு கூடையில். கூடை நான் தருகிறேன். சாவி என் கடையில் ஆணியில் தொங்கட்டும், ஆறு மணிக்கு நானே பூட்டிவிட்டு மறுநாள் காலையில் அந்த அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். நாலரையிலிருந்து ஆறு வரைதான் என் கடையில் கூட்டம் வருகிற நேரம், அதை வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். "உங்களுக்குத் தொப்பையாவது குறையட்டும்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னாள், அதை நோட்டில் எழுத வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள், அந்த நோட்டீஸும் என் கடையில் எடுத்ததுதான். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வருகிறேன், சம்மதப் படிவம் நூறு நகல் எடுத்துக்கொண்டு. இந்த முறை டீ வேண்டாம்.

அப்புறம், ஆடு உள்ளே வருகிற வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சுவர் இடிந்து ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை இருக்கிறது. நேற்று இரண்டு பையன்கள் அதை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.